மின்காந்த இடையூற்றைக் கண்டறிந்து குறைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

எல்இடி விளக்கைப் போட்ட நொடியில் வானொலி இரையத் தொடங்குகிறது. பட்டறையில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி ஓடும் நேரத்தில் மட்டும் வெப்பநிலைக் காட்டி தாறுமாறான எண்களைக் காட்டுகிறது. மிக்ஸியை ஓட்டினால் பக்கத்து மேசையில் இருக்கும் ஆர்டுயினோ பலகை தானாக ரீசெட் ஆகிறது. மூன்றுமே மின்காந்த இடையூறு என்ற ஒரே வகைக் கோளாறுதான். இதைச் சரிசெய்ய முனைபவர்கள் பெரும்பாலும் ஒரு ஃபெரைட் மணியை (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) வாங்கிக் கேபிளில் மாட்டிப் பார்க்கிறார்கள், பலன் இல்லையென்றால் இன்னொன்றை மாட்டுகிறார்கள். இரைச்சல் மின்னோட்டம் எந்த வழியே போய் எந்த வழியே திரும்புகிறது என்று தெரியாமல் மாட்டும் பொருள் அதிர்ஷ்டம் இருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே இக்கட்டுரையில் கண்டறிவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: மூலம், பாதை, பாதிக்கப்படுவது

எந்த இடையூற்றுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு: அதை உண்டாக்கும் மூலம், அது செல்லும் பாதை, அதனால் பாதிக்கப்படும் கருவி. மூன்றில் ஒன்றைக் கட்டுப்படுத்தினால் போதும். மூலத்தைக் கட்டுப்படுத்துவதே மலிவு. ஆனால் பல நேரங்களில் அது நம் கையில் இருப்பதில்லை.

மூலம் என்பது மின்னழுத்தமோ மின்னோட்டமோ மிக வேகமாக மாறும் இடம். ஒரு கைப்பேசி சார்ஜருக்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் நொடிக்கு ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் அடிப்படை அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ். ஆனால் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் 10 நானோ நொடியில் ஏறி இறங்குமானால், அந்த அலையின் வலுவான கூறுகள் ஏறத்தாழ 32 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும். ஏற்ற நேரத்தைப் பை (π, சுமார் 3.14) என்ற எண்ணால் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையால் ஒன்றை வகுத்தால் இந்த எண் வரும். மெதுவாக ஓடும் சுற்றிலும் உயர் அதிர்வெண் இரைச்சல் இருப்பது இதனால்தான்.

பாதையைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஃபேஸ் கம்பி வழியே போய் நியூட்ரல் வழியே திரும்பும் இரைச்சல் டிஃபரன்ஷியல் மோட் எனப்படும். இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடி, எர்த் வழியாகவோ, கருவிக்கும் தரைக்கும் இடையில் இயல்பாக இருக்கும் மின்தேக்கம் வழியாகவோ திரும்பும் இரைச்சல் காமன் மோட் எனப்படும். இரண்டாவது வகையில் முழுக் கேபிளும் ஓர் ஆன்டெனாவாகிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் காமன் மோட் மின்னோட்டம் ஓடினாலே, 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்க விதிகள் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கும் எல்லையும் அதே 100 மைக்ரோவோல்ட்தான். நான் பார்த்த வரையில், தீராத சிக்கல்களில் பெரும்பகுதி இந்தக் காமன் மோட் சிக்கல்களே.

இரண்டாம் படி: ஒரு சிறு வானொலியோடு தேடுதல்

பேட்டரியில் ஓடும், மத்திய அலை (மீடியம் வேவ்) வசதியுள்ள சிறிய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றே தொடக்கத்துக்குப் போதுமான கருவி. நிலையம் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி, ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஓடும் வானொலியைப் பயன்படுத்தாதீர்கள்; இரைச்சல் அதன் மின்கம்பி வழியாகவே நுழைந்துவிடும்.

இப்போது வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் மூலம் உள்ளேயே இருக்கிறது. நிற்காவிட்டால் உடனே பக்கத்து வீட்டைக் குறை சொல்ல வேண்டாம்: மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொண்டு தன் லைனில் உள்ள விளக்குகளை ஓட்டிக்கொண்டிருக்கும், அதுவே பெரிய இரைச்சல் மூலமாகவும் இருக்கலாம். அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு மெயினைப் போட்டு, எம்சிபிகளை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சிறு சர்க்யூட் பிரேக்கர்கள்) ஒவ்வொன்றாக இயக்கி, எந்த லைனில் இரைச்சல் திரும்பி வருகிறது என்று பாருங்கள். அந்த லைனில் உள்ள கருவிகளைச் சுவிட்சில் அணைப்பதோடு நிறுத்தாமல் பிளக்கையே பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். பல இடங்களில் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கும்; அணைத்த பிறகும் கருவி ஃபேஸோடு இணைந்தே இருக்கும்.

இரைச்சலின் தன்மையே பாதி விடையைச் சொல்லிவிடும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை மின்னோட்டம் இழுக்கும் ரெக்டிஃபயரும் (ஏசியை டிசியாக்கும் சுற்று) டிம்மரும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைத் தருகின்றன. பழைய வகை எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரில் உள்ள டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மின்தேக்கிகளை மாற்றி இணைத்து வேகத்தைக் குறைக்கும் படிநிலை ரெகுலேட்டர் இப்படி இரைவதில்லை. கார்பன் பிரஷ் உள்ள மிக்ஸி, துளையிடும் கருவி போன்றவற்றின் இரைச்சல் மோட்டாரின் வேகத்தோடு ஏறி இறங்கும். எஸ்எம்பிஎஸ் (கைப்பேசி சார்ஜர் போல வேகமாகத் திறந்து மூடும் சுவிட்சால் இயங்கும் பவர் சப்ளை) என்றால் முள்ளைத் திருப்பும்போது சம இடைவெளிகளில் இரைச்சல் திட்டுகள் வரும்: 600, 660, 720, 780 கிலோஹெர்ட்ஸில் கேட்டால் அந்தச் சுற்று ஏறத்தாழ 60 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது என்று ஊகிக்கலாம். ஒழுங்கில்லாமல் படபடவென்று வெடித்து, மழை பெய்தால் மாறிவிடும் இரைச்சல் பெரும்பாலும் மின்கம்பத்தின் இன்சுலேட்டரிலோ தளர்ந்த இணைப்பிலோ இருந்து வருகிறது. அதை மின்வாரியத்திடம் சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

மூலம் வெளியில் இருந்தால் வானொலியே திசைகாட்டியாகவும் பயன்படும். மத்திய அலைக்கு அதனுள் இருக்கும் ஆன்டெனா ஒரு ஃபெரைட் தண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அது பெட்டியின் நீளவாக்கில் கிடைமட்டமாக இருக்கும். பெட்டியைக் கையில் ஏந்தி மெதுவாகச் சுழற்றுங்கள். தண்டின் முனை மூலத்தை நோக்கும்போது இரைச்சல் சட்டென்று அடங்கும்; அகலப் பக்கம் நோக்கும்போது உச்சத்தில் இருக்கும். அடங்கும் புள்ளி உச்சத்தைவிடக் கூர்மையானது என்பதால் அதையே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களில் நின்று குறித்த கோடுகள் வெட்டும் இடத்தில் தேடலாம். வீட்டுக்குள் இது சரிவராது. இரைச்சல் சுவருக்குள் ஓடும் எல்லா ஒயர்களிலும் பரவியிருக்கும். அங்கே வானொலியை ஒவ்வொரு கேபிளுக்கும் அருகில் கொண்டுபோய் எது அதிகமாக இரைகிறது என்று ஒப்பிடுவதே வழி.

மூன்றாம் படி: காதிலிருந்து எண்ணுக்கு

குறைந்திருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல எண் வேண்டும். இத்துறையில் எண்கள் டெசிபலில் பேசப்படுகின்றன: மின்னழுத்தம் பாதியானால் 6 டெசிபல் குறைவு, பத்தில் ஒன்றானால் 20 டெசிபல் குறைவு. ஒரு மைக்ரோவோல்ட்டை அடிப்படையாகக் கொண்டால் ஒரு மில்லிவோல்ட் என்பது 60 டெசிபல் மைக்ரோவோல்ட்.

பன்னாட்டு வானொலி இடையூற்றுக் குழுவான சிஸ்பர் 1934-இல் தன் பணியைத் தொடங்கியது. வானொலி நேயர்களின் எரிச்சலே அதன் பிறப்புக்குக் காரணம். அந்தத் தடம் இன்றும் அளவீட்டில் இருக்கிறது. எப்போதாவது வரும் ஒரு துடிப்பு, தொடர்ந்து வரும் துடிப்புகளைவிடக் கேட்பவரைக் குறைவாகவே எரிச்சலூட்டும் என்பதால், அதற்குக் குறைந்த மதிப்புத் தரும் குவாசி பீக் என்ற அளவி உருவானது. 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கம்பி வழி வரும் இரைச்சலை 9 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்திலும், அதற்கு மேல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை காற்று வழி வருவதை 120 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்திலும் அளக்கிறார்கள். வீட்டுக் கருவிகளுக்கான பி வகுப்பில் கம்பி வழி எல்லை குவாசி பீக்காக 150 கிலோஹெர்ட்ஸில் 66 டெசிபல் மைக்ரோவோல்ட்டில் தொடங்கி 500 கிலோஹெர்ட்ஸில் 56-ஆக இறங்குகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் வரை அதே 56, பிறகு 30 மெகாஹெர்ட்ஸ் வரை 60. ஐம்பத்தாறு என்பது 0.63 மில்லிவோல்ட். அதாவது 230 வோல்ட் ஓடும் கம்பியில் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான இரைச்சலையே அனுமதிக்கிறார்கள்.

அந்தத் தர அளவீட்டுக்கு, மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையில் வைத்து இரைச்சலை மட்டும் பிரித்துத் தரும் லிஸ்ன் என்ற இடைப்பெட்டியும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தேவை. வீட்டு மேசையில் லிஸ்ன் வைக்க விரும்புபவர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில லிஸ்ன்களில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கும். அதன் வழியே அரை ஆம்பியருக்கும் மேல் எர்த்துக்குப் போகும். எர்த் இணைப்பு விட்டுப்போனால் அதன் உலோக உடல் உயிருக்கு ஆபத்தானது. எர்த் சரியாக இருந்தால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழும். ஆகவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியே மட்டும், எர்த்தை முதலில் நட்டு போட்டு இறுக்கிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மேலும், சுவிட்சைப் போடும் நொடியில் எழும் துடிப்பு அனலைசரின் உள்ளீட்டைக் கருக்கிவிடும்; சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டரும், உச்சத்தை வெட்டும் லிமிட்டரும் இடையில் இல்லாமல் இணைக்கக் கூடாது.

அவ்வளவு தூரம் போக விரும்பாதவருக்குக் கையால் செய்துகொள்ளும் இரண்டு கருவிகள் போதும். முதலாவது கரண்ட் கிளாம்ப். திறந்து மூடும் ஃபெரைட் உருளை ஒன்றில் மெல்லிய எனாமல் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி, அதன் முனைகளை கோ ஆக்சியல் கேபிளில் பற்றவைத்து, மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் இணையுங்கள். உருளையை முழுக் கேபிளின் மேல் மூடும்போது போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, காமன் மோட் மட்டும் மிஞ்சும். பத்துச் சுற்றும் 50 ஓமும் சேர்ந்து, ஃபெரைட் நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்களில், ஒரு மில்லி ஆம்பியருக்கு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் தரும். முன்பு சொன்ன 5 மைக்ரோ ஆம்பியர் 25 மைக்ரோவோல்ட்டாக வெளிவரும். ஆசிலோஸ்கோப்பில் அது தெரியாது, கம்ப்யூட்டரில் செருகும் எஸ்டிஆர் (மென்பொருள் வானொலி) வகை யுஎஸ்பி ரிசீவரில் ஒப்பீட்டளவில் பார்க்கலாம். இரண்டாவது கருவி நியர் ஃபீல்ட் புரோப்: ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சுற்று வளையம். அதைச் சுற்றுப்பலகையின் மேல் நகர்த்தினால் எந்த உறுப்பின் அருகில் அளவு உயர்கிறது என்று தெரியும். வளையம் அகலமானால் உணர்திறன் கூடும், இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் திறன் குறையும். இரண்டையும் இன்சுலேஷன் உள்ள கேபிளின் மேலும் மூடிய கருவியின் மேலும் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆசிலோஸ்கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் புரோபில் உள்ள கிரவுண்ட் கிளிப் நேராக எர்த்தில் இணைந்தது. மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் முதல்நிலைப் பகுதியில் அதை வைத்தால் தீப்பொறியோடு கருவியும் போகும், கையும் போகலாம். அங்கே அளக்க டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். ஆசிலோஸ்கோப்பின் எர்த் பின்னை உடைத்துவிட்டு அளக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது முழுக் கருவியின் உடலையும் மின்னேற்றிவிடும், எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது.

நான்காம் படி: குறைத்தல்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் அளவு. கேபிள் நகர்ந்தாலே எண் மாறும் என்பதால் அதை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு அளப்பது நல்லது.

செலவே இல்லாத மாற்றங்களை முதலில் முயலுங்கள். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் தள்ளித் தள்ளி ஓடினால் அவற்றை ஒன்றாக முறுக்குங்கள். வளையத்தின் பரப்பு குறைய, அது வீசும் புலமும் அதே அளவில் குறையும். சென்சார் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டராவது விலக்குங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இரையும் சார்ஜரை வேறு சார்ஜரோடு மாற்றிப் பாருங்கள். உள்ளீட்டு வடிகட்டியே வைக்காமல் செலவை மிச்சப்படுத்திய விலை மலிவான எல்இடி டிரைவரைச் சரிசெய்யப் பாடுபடுவதைவிட விளக்கையே மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஃபெரைட் அடுத்து. இது காமன் மோடுக்கான மருந்து, ஆகையால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அதன் துளை வழியே போக வேண்டும்; ஃபேஸை மட்டும் விட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டமே அதைச் செறிவூட்டிச் செயலிழக்கச் செய்துவிடும். துளை வழியே எத்தனை முறை கேபிள் செல்கிறதோ அதன் வர்க்கமாகத் தடை உயரும்: மூன்று முறை சென்றால் ஒன்பது மடங்கு. கேபிளில் கிளிப் செய்யும் சிறிய மணி 100 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நன்றாக உதவும். மத்திய அலை வானொலியில் கேட்கும் இரைச்சலுக்கு அது ஏறக்குறைய வெறும் அலங்காரம். அங்கே மாங்கனீசு துத்தநாக வகைப் பெரிய வளையத்தில் எட்டு முதல் பத்துச் சுற்று தேவைப்படும். சுற்றைத் தொடங்கும் முனையும் முடியும் முனையும் ஒட்டிக்கொள்ளாமல் வளையத்தில் இடைவெளி விடுங்கள்; இல்லாவிட்டால் அவற்றுக்கிடையேயான மின்தேக்கம் வழியே இரைச்சல் தாண்டிவிடும்.

மின்தேக்கிகளில் கவனம் வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எக்ஸ்2 வகை மட்டுமே, எர்த்துக்குப் போவதற்கு ஒய் வகை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சாதாரண மின்தேக்கி பழுதானால் தீப்பிடிக்கும் அல்லது உடலுக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும். மிக்ஸி மோட்டாரின் குறுக்கே 275 வோல்ட் ஏசி தரத்தில் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ஒன்று பிரஷ் பொறியின் இரைச்சலைக் கணிசமாக அடக்கும். ஒய் வகையில் 2.2 நானோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 0.16 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசியும். ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஒன்றொன்று இருந்து, எர்த் பின் எங்கும் இணைக்கப்படாவிட்டால், உலோக உடல் மின்சாரத்தின் பாதி அழுத்தத்தில், அதாவது 115 வோல்ட்டில் மிதக்கும். எர்த் இல்லாத சாக்கெட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடும்போது விரலில் சுரீர் என்பது இதுவே. பல கருவிகளின் கசிவு ஒன்றுசேர்ந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவதும் இதனால்தான்.

கடையில் கிடைக்கும் உலோக உறை போட்ட வடிகட்டியை வாங்கினால், அதை வெறும் உலோகத்தின் மேல் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கமாகப் பொருத்துங்கள். உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் இரைச்சல் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு தாண்டிப் போய்விடும். வடிகட்டி வேலை செய்யவில்லை என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

எர்த்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு எர்த் ஓமைக் குறைத்தால் இரைச்சலும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். பாதுகாப்புக்கு அந்த எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால் 10 மீட்டர் எர்த் கம்பிக்குச் சுமார் 10 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸில் அது 600 ஓமுக்கும் அதிகமான தடை. கம்பியின் அடுத்த முனையில் எவ்வளவு நல்ல எர்த் இருந்தாலும் அந்த இரைச்சலுக்கு அது எட்டாத தூரம்.

விஎஃப்டி: தனியே பார்க்க வேண்டியது

சிறு தொழிற்கூடங்களில் அதிகம் தொல்லை தருவது இதுதான். 415 வோல்ட் மூன்று ஃபேஸை நேராக்கினால் உள்ளே ஏறத்தாழ 587 வோல்ட் டிசி இருக்கும். விஎஃப்டிக்குள் சுவிட்சாக உள்ள ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர் அதை 100 நானோ நொடியில் மாற்றுகிறது, மோட்டார் கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையே 1 நானோஃபாரட் மின்தேக்கம் இருக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏறத்தாழ 6 ஆம்பியர் துடிப்பு எர்த்துக்குள் பாயும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பாயும் அந்தத் துடிப்புக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். நாம் வழி கொடுக்காவிட்டால் சென்சார் கேபிளின் உறை, பக்கத்துப் பேனலின் எர்த் என்று கிடைத்த வழியில் திரும்பும்.

வழி கொடுப்பது எளிது. மோட்டாருக்கு ஷீல்டு (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) உள்ள கேபிளைப் போட்டு, ஷீல்டை இரண்டு முனைகளிலும் இணைக்க வேண்டும். இணைப்பது எப்படி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஷீல்டைப் பிரித்து முறுக்கிப் பன்றிவால் போல் 10 சென்டிமீட்டர் இழுத்து ஸ்க்ரூவில் மாட்டினால், அந்தச் சிறு துண்டுக்கே சுமார் 100 நானோஹென்றி இருக்கும். 30 மெகாஹெர்ட்ஸில் அது 19 ஓம். அதற்குப் பதிலாக வெளி உறையை வளையமாகச் சீவி, ஷீல்டின் சுற்று முழுவதையும் உலோகக் கிளாம்ப் ஒன்று பேனலின் வெறும் தகட்டோடு அழுத்திப் பிடிக்கும்படி செய்யுங்கள். சென்சார் பக்கத்தில் மெதுவாக மாறும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் என்றால் ஷீல்டைப் பேனல் முனையில் மட்டும் இணைப்பதே வழக்கம். மறுமுனையில் எர்த் அழுத்தம் வேறாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஷீல்டில் ஓடத் தொடங்கிவிடும். மோட்டாரின் சத்தமும் வெப்பமும் இடம் கொடுத்தால் விஎஃப்டியின் கேரியர் அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை முறை சுவிட்ச் ஆகிறது என்பதை) குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பின் உயரமும் அப்படியே இருந்தாலும் நொடிக்கு வரும் துடிப்புகள் குறையும்.

ஐந்தாம் படி: சோதனைக்கூடத்துக்குப் போகும் முன்

விற்கப்போகும் பொருள் என்றால் சான்றுக்கான சோதனை தவிர்க்க முடியாதது. விளக்குகளுக்கு சிஸ்பர் 15, வீட்டு உபயோகக் கருவிகளுக்கு சிஸ்பர் 14, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு சிஸ்பர் 32 என்று தரநிலை மாறும். எது உங்கள் பொருளுக்குப் பொருந்தும் என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்த மையம் போன்ற இடங்களில் இதற்கான வசதி இருக்கிறது. வீட்டில் எடுத்த அளவு எல்லைக்கு 6 டெசிபலாவது கீழே இருந்தால்தான் போவது நல்லது. நம் மேசையும் அவர்களின் அறையும் ஒரே எண்ணைத் தருவதில்லை.

போகும்போது பொருளோடு சேர்த்துச் செப்பு டேப், பல அளவுக் கிளிப் ஃபெரைட்டுகள், எக்ஸ் மற்றும் ஒய் மின்தேக்கிகள், சாலிடரிங் அயர்ன், கூடுதலாக ஒரு சுற்றுப்பலகை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லையைத் தாண்டினால் முதலில் வெளியே செல்லும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது அளவு இறங்குகிறதோ அந்தக் கேபிளில்தான் காமன் மோட் மின்னோட்டம் வெளியேறுகிறது. கேபிள்கள் எல்லாம் கழன்ற பிறகும் இறங்காவிட்டால் பெட்டியின் மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பிளவைச் செப்பு டேப்பால் மூடி மறுபடி அளந்து பாருங்கள். அதில் இறங்கினால் ஸ்க்ரூக்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைப்பதும், அவற்றின் அடியிலுள்ள பெயின்ட்டை எடுப்பதும் அடுத்த பதிப்பில் செய்ய வேண்டிய வேலைகள்.